ஷேக்கர்கள் இன்னும் இருக்கிறார்களா?

கேள்வி இதுதான்: "ஷேக்கர் நாற்காலி, ஷேக்கர் அலமாரி என்று கடைகளில் பார்க்கிறேன். அந்தப் பெயருக்குரிய மனிதர்கள் இன்றும் இருக்கிறார்களா? இருந்தால் எதை நம்புகிறார்கள், ஒரு நாளை எப்படிக் கழிக்கிறார்கள்? ஆமிஷ் மக்களைப் போல மின்சாரம் இல்லாமல் வாழ்கிறார்களா?"

இருக்கிறார்கள். மணம் செய்யாமல், சொத்தைப் பொதுவாக வைத்து வாழும் ஒரு கிறிஸ்தவச் சபையினர் அவர்கள். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மெய்ன் மாநிலத்தில், நியூ கிளாஸ்டர் என்ற ஊரை ஒட்டி, சபத்டே லேக் என்ற ஏரியின் பெயரைத் தாங்கிய ஒரு சிறு கிராமம். போர்ட்லாண்ட் நகரத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். உலகத்தில் ஷேக்கர்கள் வாழும் ஒரே இடம் அதுதான். 2017 தொடங்கிப் பல ஆண்டுகள் அங்கே இரண்டே பேர்தான் இருந்தார்கள்: சகோதரர் ஆர்னல்ட் ஹாட், சகோதரி ஜூன் கார்பென்டர். அண்மையில் மூன்றாவதாக ஒரு சகோதரி சேர்ந்திருக்கிறார்.

இந்த எண்ணிக்கையைச் சொன்னதுமே கேட்பவரின் கவனம் முழுக்க அதிலேயே நின்றுவிடுகிறது. "அப்படியானால் எப்போது முடியும்?" என்பதுதான் அடுத்த கேள்வி. பத்திரிகைக்காரர்களும் பல பத்தாண்டுகளாக அவர்களிடம் அதையேதான் கேட்டு வருகிறார்கள். உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்தது, ஒரு நாளை எப்படிக் கழிக்கிறார்கள் என்று நீங்கள் கேட்டிருப்பது. ஷேக்கர் மதத்தை அதன் நாளிலிருந்துதான் புரிந்துகொள்ள முடியும் என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

காலை ஏழரைக்குக் குடியிருப்பு இல்லத்தின் பெரிய மணி அடிக்கும். 1880களில் செங்கல்லால் எழுப்பிய பல மாடிக் கட்டடம் அது. பெரிய குடும்பம் ஒன்று வாழ்வதற்காகக் கட்டியது. மணி காலைச் சாப்பாட்டுக்கான அழைப்பு. எட்டு மணிக்குக் காலை ஜெபம். சங்கீதப் புத்தகத்திலிருந்து இரண்டு சங்கீதங்கள் வாசிப்பார்கள், பிறகு வேதாகமத்தின் வேறு பகுதிகள். சேர்ந்து ஒரு ஜெபம். அதன்பின் சற்று நேரம் பேச்சின்றி அவரவர் ஜெபம். முடிவில் ஒரு ஷேக்கர் பாட்டு. எட்டரைக்கு வேலை தொடங்கிவிடும். பதினொன்றரைக்கு வேலையை நிறுத்திவிட்டு மறுபடி ஜெபம். பன்னிரண்டு மணிக்கு மதிய உணவு. நாளின் முக்கியமான சாப்பாடு அதுதான். ஆண்களும் பெண்களும் தனித்தனி மேசையில் உட்காருவது பழைய வழக்கம், அது இன்றும் தொடர்கிறது. ஒரு மணிக்கு மறுபடி வேலை. ஆறு மணிக்கு இரவு உணவு. புதன்கிழமைகளில் மட்டும் மாலை ஐந்து மணிக்கு ஜெபக்கூட்டம், அதைத் தொடர்ந்து ஷேக்கர் நூல்களையும் வரலாற்றையும் படிக்கும் வகுப்பு.

பார்ப்பதற்கு இது சாதாரணமான நாள். ஒரு மடத்தின் கால அட்டவணையை விடவும் தளர்வானது. ஆனால் அந்த வேலை நேரத்தை ஜெபத்துக்கு இடையே வரும் இடைவேளையாக அவர்கள் எண்ணுவதில்லை. "கைகள் வேலைக்கு, இதயங்கள் தேவனுக்கு" என்பது அவர்கள் சபையை நிறுவிய அன்னை ஆன் லீ சொன்னதாக வழிவழி வரும் வாக்கு. ஆட்டுக்குத் தீவனம் வைப்பதும், மூலிகையை உலர்த்தி டப்பாவில் அடைப்பதும், தரையைப் பெருக்குவதும் அவர்களுக்கு ஆராதனையின் மறுபாதி. அன்னை ஆன் சொன்னதாகவே வழங்கும் இன்னொரு வாக்கு: ஆயிரம் ஆண்டு வாழப்போகிறவர் போலவும், நாளையே சாகப்போகிறவர் போலவும் எல்லா வேலையையும் செய். ஷேக்கர் நாற்காலியைச் செய்தவர்கள் இந்த வாக்கோடுதான் செய்தார்கள். கடையில் நீங்கள் பார்ப்பது அதன் வெளி வடிவம் மட்டுமே.

இப்போது என்னென்ன வேலை என்று பார்ப்போம். மூலிகையும் தேயிலையும் முதலில். 1799 முதல் அந்தக் கிராமம் மூலிகை விற்று வருகிறது. சமையலுக்கான உலர் இலைகள், மூலிகைத் தேநீர் வகைகள் எல்லாம் தகர டப்பாக்களில் அடைத்து இன்றும் தபாலில் போகின்றன. செம்மறி ஆடுகள் வளர்க்கிறார்கள், கம்பளி நூலாகிறது. ஆப்பிள் தோட்டம் உண்டு. ஆர்னல்ட் பழைய முறையில் எழுத்துக் கோத்து அச்சடிக்கத் தெரிந்தவர். அருங்காட்சியகமும் ஆய்வு நூலகமும் ஒரு கடையும் இருக்கின்றன. டிசம்பரில் ஒரு கிறிஸ்துமஸ் சந்தை நடக்கும். இத்தனையையும் இரண்டு மூன்று பேர் மட்டும் தாங்கிவிட முடியாது. சம்பளத்துக்கு வேலை செய்பவர்களும், 1974ல் தொடங்கிய 'ஷேக்கர்களின் நண்பர்கள்' என்ற அமைப்பைச் சேர்ந்த தொண்டர்களும் கைகொடுக்கிறார்கள். கூரை பழுதுபார்ப்பது, தோட்டம் கொத்துவது, வேலிக்குச் சாயம் பூசுவது என்று ஆண்டுதோறும் வந்து போகிறவர்கள் பலர்.

ஆமிஷ் பற்றிய குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். ஷேக்கர்கள் ஆமிஷ் இல்லை, குவேக்கர் என்ற இன்னொரு கிறிஸ்தவப் பிரிவும் இல்லை. ஆமிஷ் மக்கள் மணம் செய்து பிள்ளை பெறுகிறவர்கள். புதிய கருவிகளைச் சபையாகக் கூடி யோசித்தே ஏற்பார்கள் அல்லது தள்ளுவார்கள். ஷேக்கர்களுக்குக் கருவிகள்மேல் எந்த மனக்குறையும் எப்போதும் இருந்ததில்லை. வேலையை எளிதாக்கும் எதையும் ஆவலோடு எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள். தட்டையான துடைப்பம் அவர்கள் கைவண்ணம். விதைகளைச் சிறு காகித உறைகளில் போட்டு விற்பதைப் பெரிய தொழிலாக்கியவர்களும் அவர்களே. நியூ ஹாம்ப்ஷயரில் இருந்த கான்டர்பரி கிராமத்து ஷேக்கர்கள் 1910 வாக்கிலேயே சொந்தமாக மின் நிலையம் அமைத்துக்கொண்டார்கள். இன்று சபத்டே லேக்கில் காரும் கணினியும் தொலைக்காட்சியும் உண்டு. அன்றாடம் உடுத்துவதும் பக்கத்து ஊர்க்காரர்கள் உடுத்துவதைப் போன்ற எளிய உடைதான். உலகத்தைத் துறந்தார்கள் என்றால் அது வேறு இடத்தில். அந்த இடத்துக்கு இப்போது வருகிறேன்.

அவர்கள் வாழ்வு மூன்று தூண்களில் நிற்கிறது: பிரம்மச்சரியம், பொதுச் சொத்து, பாவ அறிக்கை. மூன்றையும் வேதாகமத்திலிருந்தே எடுத்தார்கள். ஆதிச் சபையைப் பற்றி அப்போஸ்தலர் நடபடிகளில் வருமே, "விசுவாசிகளெல்லாரும் ஒருமித்திருந்து, சகலத்தையும் பொதுவாய் வைத்து அநுபவித்தார்கள்" என்று, அந்த வசனத்தை அப்படியே நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே தனி வங்கிக் கணக்கில் சேர்த்து வைத்துக்கொள்வது கிடையாது. நிலமும் வருமானமும் சபையுடையவை. தேவைக்கேற்ப ஒவ்வொருவருக்கும் கிடைக்கும்.

பிரம்மச்சரியத்துக்கு அவர்கள் காட்டுவது இயேசுவின் வார்த்தை: உயிர்த்தெழுதலில் "கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை". உயிர்த்தெழுந்த வாழ்வு செத்தபின் வருவது என்று பிற கிறிஸ்தவர்கள் காத்திருக்க, அதை இப்போதே இங்கேயே வாழத் தொடங்கிவிட வேண்டும் என்பது ஷேக்கர் எண்ணம். உடல் இழிவானது என்ற வெறுப்பிலிருந்து அது வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். தொடக்க காலத்தில் அந்தக் கடுமை இருந்தது உண்மை. இன்றைய ஷேக்கர்கள் பேசும் விதமே வேறு: ஒருவருக்கு மட்டும் உரியவராக ஆகிவிடாமல் எல்லாரையும் ஒரே அளவில் நேசிக்கும் வழி அது என்கிறார்கள். இல்லறத்தை அவர்கள் பாவம் என்று சொல்வதுமில்லை. தங்களுக்கு வந்த அழைப்பு வேறு, அவ்வளவுதான்.

மூன்றாவது தூணான பாவ அறிக்கையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அதுதான் மையம் என்று தோன்றுகிறது. "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்று யாக்கோபு நிருபம் சொல்வதை எடுத்துக்கொண்டு, புதிதாக வருகிறவர் தன் வாழ்வை மூப்பர் ஒருவர்முன் திறந்து வைப்பதையே நுழைவாயிலாக வைத்தார்கள். கத்தோலிக்கர்களின் பாவசங்கீர்த்தனம் போன்ற பாவமன்னிப்புச் சடங்கு இல்லை அது. ஒரே கூரையின் கீழ் சாகும்வரை வாழப்போகிறவர்களிடையே மறைவு எதுவும் இருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. நாற்பது ஐம்பது ஆண்டு ஒரே மேசையில் சாப்பிடும் மனிதர்களுக்கு அது எவ்வளவு தேவை என்பது கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்த யாருக்கும் விளங்கும்.

கடவுளைப் பற்றிய அவர்கள் எண்ணம் பலருக்குப் புதிதாக இருக்கும். தேவன் தந்தையும் தாயுமானவர் என்று 18ஆம் நூற்றாண்டிலிருந்தே சொல்லி வருகிறார்கள். ஆதியாகமத்தில் தேவன் தம் சாயலாக மனிதரை "ஆணும் பெண்ணுமாக" படைத்தார் என்றால் அந்தச் சாயலில் இரண்டும் இருக்க வேண்டுமல்லவா என்பது அவர்கள் வாதம். அந்த நம்பிக்கை ஏட்டில் நிற்கவில்லை. ஒவ்வொரு கிராமத்திலும் மூப்பர்களும் மூப்பிகளும் (பெண் மூப்பர்கள்) சம எண்ணிக்கையில் ஆட்சி செய்தார்கள். லூசி ரைட் என்ற பெண் 1796 முதல் 1821 வரை முழுச் சபைக்கும் தலைமை தாங்கினார். அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை கிடைக்க அதற்குப் பிறகு நூறு ஆண்டுகள் ஆயின.

கிறிஸ்துவைப் பற்றியும் ஒரு விளக்கம் தேவை. "ஷேக்கர்கள் ஆன் லீயைப் பெண் கிறிஸ்து என்று வணங்குகிறார்கள்" என்று பல இடங்களில் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டு நூல்கள் சிலவற்றில் அதற்கு நெருக்கமான பேச்சு உண்டு. இன்றைய சபை அதைத் தெளிவாக மறுக்கிறது. இயேசுவில் நிறைந்திருந்த கிறிஸ்து ஆவி யாருக்குள்ளும் எழலாம். முதலில் முழுமையாக உணர்ந்தவர்களில் அன்னை ஆன் ஒருவர். இரண்டாம் வருகை என்பது மேகத்தின்மேல் நடக்கப்போகும் நிகழ்ச்சி அன்று, ஒவ்வொரு விசுவாசிக்குள்ளும் அமைதியாக நடப்பது. இதுதான் அவர்கள் சொல்வதன் சாரம். 1960 வாக்கில் அங்கே வந்து, 1986ல் இறக்கும்வரை வாழ்ந்த சகோதரர் தியோடர் ஜான்சன் இதைத் தெளிந்த மொழியில் எடுத்து வைத்தவர். ஞானஸ்நானத் தண்ணீர், அப்பமும் ரசமும் போன்ற வெளிச் சடங்குகளை அவர்கள் கைக்கொள்வதில்லை. சாப்பாட்டு மேசை முழுவதுமே அவர்களுக்கு இராப்போஜனம் போல.

அந்த அன்னை ஆன் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1736ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஒரு கொல்லரின் மகளாகப் பிறந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. சிறு வயதிலேயே வேலைக்குப் போனார். மணமாகி நான்கு பிள்ளைகள் பெற்றார். நான்கும் குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோயின. ஜேம்ஸ் வார்ட்லி, ஜேன் வார்ட்லி என்ற தம்பதியர் நடத்திய சிறு ஜெபக் குழுவில் சேர்ந்திருந்தார். ஆவியின் வேகத்தில் உடல் நடுங்க ஜெபித்ததால் ஊரார் அவர்களை 'ஷேக்கர்' என்று கேலி செய்தார்கள். பிறகு அவர்களே அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டார்கள். 1770ல் சிறையில் இருந்தபோது ஆனுக்குக் காட்சி கிடைத்தது. 1774ல் எட்டுப் பேரோடு கப்பலேறி, ஆகஸ்ட் 6 அன்று நியூயார்க்கில் இறங்கினார். அந்த நாளைச் சபத்டே லேக்கில் இன்றும் நினைவுகூர்கிறார்கள். பத்தே ஆண்டுகளில், 1784ல், அவர் இறந்துபோனார். கிராமங்கள் எல்லாம் அவருக்குப் பின் எழுந்தவை. உச்சத்தில், 19ஆம் நூற்றாண்டின் நடுவில், மெய்ன் முதல் கென்டக்கி வரை பத்தொன்பது பெரிய கிராமங்களும் சில ஆயிரம் உறுப்பினர்களும் இருந்தார்கள்.

பிறகு ஏன் குறைந்தார்கள்? "பிள்ளை பெறாதவர்கள் அழியத்தானே செய்வார்கள்" என்பது எல்லாருக்கும் வாயில் வரும் பதில். அது சரியில்லை. பிள்ளை பெறாமலேயே அவர்கள் நூறு ஆண்டு வளர்ந்தார்கள். ஒவ்வொரு தலைமுறையும் வெளியிலிருந்துதான் வந்தது. ஆதரவற்ற பிள்ளைகள், பெற்றோர் வளர்க்க இயலாத பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். இருபத்தொரு வயதில் இருப்பதா போவதா என்று அவர்களே தீர்மானித்தார்கள். குளிர்காலத்தில் பசியோடு கதவைத் தட்டியவர்களுக்கும் இடம் இருந்தது. ஆலைகளும் நகரங்களும் பெருகியதும் ஆண்கள் முதலில் வேலை தேடிப் போனார்கள். ஷேக்கர் கைவேலையைவிட மலிவாக ஆலைச் சரக்கு வந்தது. பெண்களுக்கு வெளியில் வேலையும் படிப்பும் கிடைத்தன. பிறகு அநாதைப் பிள்ளைகளை அரசே வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. வாசல்கள் ஒவ்வொன்றாக அடைபட்டன. அண்மைக் காலம்வரை வாழ்ந்த மூத்த சகோதரிகள் அந்தப் பழைய வாசல் வழியே வந்த கடைசிப் பிள்ளைகள். சகோதரி மில்ட்ரெட் பார்க்கர் 1903ல், ஆல்ஃபிரட் என்ற கிராமத்துக்கு ஆறு வயதில் வந்தார். அந்தக் கிராமம் 1931ல் மூடப்பட்டபோது அங்கிருந்தோர் சபத்டே லேக்குக்குக் குடிபெயர்ந்தார்கள். சகோதரி ஃபிரான்சஸ் கார் 1937ல் பத்து வயதில் வந்து, அந்தச் சமையலறையையே தன் ஊழியமாக்கி, 2017 ஜனவரி 2 அன்று 89 வயதில் இறந்தார்.

இடையில் நடந்த ஒரு மனத்தாங்கலைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இன்று ஷேக்கர்கள் இருப்பதற்கே அதுதான் காரணம். 1957ல் சபையின் தலைமை கான்டர்பரியைச் சார்ந்திருந்தது. தலைமைப் பொறுப்பில் இருந்தவர்கள் வயதான மூப்பிகள். புதியவர்கள் கையெழுத்திடும் உடன்படிக்கையை மூடிவிடுவது, இனி யாரையும் சேர்ப்பதில்லை என்பது அவர்கள் ஜெபத்தோடு எடுத்த முடிவு. 1960களில் அது இன்னும் இறுகியது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மவுன்ட் லெபனான் என்ற ஷேக்கர் கிராமம் 1947லேயே மூடப்பட்டிருந்தது. ஹான்காக் கிராமம் 1960ல் மூடப்பட்டது. மிஞ்சிய சொத்துக்காக யாராவது வந்து ஒட்டிக்கொள்வார்களோ என்ற பயம் நியாயமானது. புதிய சகோதரர்களை வழிநடத்த மூப்பர் எவரும் இல்லை. ஆல்ஃபிரட், சபத்டே லேக் பக்கத்துக் கடைசி மூப்பர் டெல்மர் வில்சன் 1961ல் இறந்தார். மானத்தோடு முடித்துக்கொள்வோம் என்று அவர்கள் எண்ணினார்கள்.

சபத்டே லேக் ஏற்கவில்லை. தேவன் திறந்த கதவை மனிதர் மூட முடியாது என்பது மில்ட்ரெட்டும் ஃபிரான்சஸும் அவர்களோடு இருந்தவர்களும் பிடித்த பிடி. யாராவது உண்மையான அழைப்போடு வந்தால் 'இல்லை' என்று சொல்ல நமக்கு என்ன உரிமை என்று கேட்டார்கள். இதனால் இரு கிராமங்களுக்கும் இடையே உறவு பல ஆண்டு கசந்தது. கான்டர்பரியின் கடைசிச் சகோதரி எதெல் ஹட்சன் 1992ல் இறந்தார். அந்தக் கிராமம் இன்று அழகாகப் பராமரிக்கப்படும் ஓர் அருங்காட்சியகம். சபத்டே லேக்கில் 1978ல் இருபத்தொரு வயது இளைஞர் ஒருவர் வந்து சேர்ந்தார். அவர்தான் ஆர்னல்ட். மாசசூசெட்ஸைச் சேர்ந்தவர், மெதடிஸ்ட் குடும்பம். நூலகராக இருந்த ஜூன் 1980களின் கடைசியில் வந்தார். அந்தக் கதவு மூடியிருந்தால் இவர்கள் இருவரும் ஷேக்கர்களாக ஆகியிருக்க முடியாது.

சேருவது எப்படி என்றும் சிலர் கேட்பதுண்டு. முதலில் கடிதம், பிறகு சில முறை வந்து தங்கிப் பார்ப்பது. மணமாகியிருக்கக் கூடாது, கடன் இருக்கக் கூடாது, தன்னை நம்பிப் பிழைப்பவர் எவரும் இருக்கக் கூடாது. உள்ளே வந்து தங்கினால் ஒரு தொடக்க ஒப்பந்தத்தில் கையெழுத்து. ஓராண்டு கழித்துச் சபை கூடி அவரை ஏற்பதா என்று முடிவெடுக்கும். முழு உறுப்பினராகி நிர்வாகத்திலும் பணவிஷயத்திலும் பங்கு பெற மேலும் நான்கு ஆண்டு. எழுதிக் கேட்பவர்கள் நிறையப் பேர். வந்து சில காலம் வாழ்ந்து விலகியவர்களும் உண்டு. பிரம்மச்சரியத்துக்கு அஞ்சி யாரும் வருவதில்லை என்று வெளியே நினைக்கிறோம். அங்கே வாழ்ந்தவர்கள் சொல்வது வேறு: தன் இஷ்டத்தை விட்டுக்கொடுப்பதுதான் மிகக் கடினம். எந்த வேலையை எப்போது செய்வது, யாரோடு செய்வது, எவ்வளவு செலவழிப்பது என்பதெல்லாம் உங்கள் கையில் இல்லை என்று ஆகும்போதுதான் உள்ளே இருக்கும் 'நான்' எவ்வளவு பெரியது என்று தெரியவரும்.

ஞாயிறு ஆராதனையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கோடையில் அது 1794ல் கட்டிய ஆராதனை மன்றத்தில் நடக்கிறது. மோசஸ் ஜான்சன் என்ற தச்சர் எழுப்பிய வெள்ளைக் கட்டடம். உள்ளே உத்திரங்களிலும் மரச் சட்டங்களிலும் பூசிய அடர் நீலச் சாயம் அந்தக் காலத்திலேயே பூசியது, மறுபூச்சு கிடையாது. கூடத்தின் நடுவில் தூண்கள் இல்லை, ஏனென்றால் நூற்றுக்கணக்கானவர்கள் ஒன்றாக ஆடுவதற்காகக் கட்டிய கூடம் அது. அந்த ஆட்டம் 1900 வாக்கில் நின்றுவிட்டது. உறுப்பினர்களுக்கு வயதாகிவிட்டது என்பதும் ஒரு காரணம். ஆனால் சில பாட்டுகளுக்குக் கை அசைவுகள் இன்றும் தங்கியிருக்கின்றன. உள்ளங்கையைக் கீழ்நோக்கி உதறினால் தீயதை விலக்குவது. மேல்நோக்கி ஏந்தினால் வரம் பெறுவது.

ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், ஒருவரையொருவர் பார்த்தபடி பெஞ்சுகளில் அமர்கிறார்கள். பலிபீடமோ பிரசங்க மேடையோ கிடையாது. வேத வாசிப்பு, ஜெபம், பிறகு சாட்சி. நம் ஊர்ச் சபைகளில் சாட்சிக் கூட்டத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இது பழக்கமானதுதான்: மனதில் எழுந்ததை எழுந்து நின்று சொல்வது. ஒவ்வொருவர் சொல்லி முடித்ததும் அந்தப் பேச்சோடு ஒட்டிய ஒரு பாட்டை ஷேக்கர் ஒருவர் எடுக்க, மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். வாத்தியம் இல்லை, குரல் மட்டுமே.

அந்தப் பாட்டுகள்தான் என்னை முதன்முதலில் இவர்கள் பக்கம் இழுத்தவை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஷேக்கர் பாட்டுகள் கையெழுத்துப் பிரதிகளில் கிடைக்கின்றன. உலகம் முழுவதும் தெரிந்தது 'சிம்பிள் கிஃப்ட்ஸ்' ஒன்றுதான். மெய்ன் மாநிலத்து மூப்பர் ஜோசஃப் பிராக்கெட் 1848ல் இயற்றியது. 1944ல் அமெரிக்க இசையமைப்பாளர் ஆரன் கோப்லாண்ட் தன் இசையில் எடுத்தாண்டதால் பரவியது. அதில் வரும் குனிவதும் திரும்புவதும் உவமைகள் மட்டும் அல்ல, ஆடுவதற்கான அடவுகளும்கூட. சகோதரி மில்ட்ரெட்டுக்கு நூற்றுக்கணக்கான பாட்டுகள் ஏட்டைப் பார்க்காமலே தெரியும். சிறுமியாக இருந்தபோது மூத்த சகோதரிகளின் வாயிலிருந்து கேட்டுக் கற்றவை. 1983ல் அமெரிக்க அரசு அவருக்கு நாட்டுப்புறக் கலைகளுக்கான தேசிய விருதை வழங்கியது. தன்னை உலகம் ஒரு நாற்காலியாகவோ மேசையாகவோதான் நினைவில் வைத்திருக்கும் போலிருக்கிறது என்று அவர் வருந்திச் சொன்னது பலரும் எடுத்துக்காட்டும் வாசகம். ஷேக்கர் மேசைக்கு ஏலத்தில் கிடைக்கும் விலையை எழுதிய பத்திரிகைகள், அந்த மேசையில் உட்கார்ந்து என்ன ஜெபித்தார்கள் என்று கேட்டதில்லை. அவர் வருத்தம் எனக்கு முழுக்கப் புரிகிறது.

நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிராமத்துக்குச் சுமார் 1,800 ஏக்கர் நிலம் உண்டு. காடும் வயலும் தோட்டமும் ஏரிக்கரையும் சேர்த்து. நாளை யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே வீட்டு மனைகள் எழும்பக் கூடாது என்பதற்காக, 2007ல் பாதுகாப்பு அமைப்புகளோடு சட்டப்பூர்வமான ஏற்பாடு செய்துகொண்டார்கள். அதை முடிவுக்கான ஆயத்தம் என்று சிலர் எழுதினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. தங்களிடம் ஒப்படைக்கப்பட்டதைக் கணக்குக் காட்டிப் பத்திரப்படுத்தும் உக்கிராணக்காரரின் செயல் அது. கல்லறைத் தோட்டத்திலும் அதே மனம்தான் தெரியும்: ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கல் நட்டு வைக்கவில்லை, 'ஷேக்கர்கள்' என்று மட்டும் பொறித்த ஒரே கல் எல்லாருக்கும் பொது.

ஷேக்கர்களிடையே வழங்கும் ஒரு முன்னறிவிப்பும் உண்டு. ஒரு குழந்தை தன் ஒரு கை விரல்களால் எண்ணிவிடும் அளவுக்கு விசுவாசிகள் குறையும்போது மறுபடி ஓர் எழுப்புதல் வரும் என்று அன்னை ஆன் சொன்னாராம். ஆர்னல்டும் ஜூனும் அதற்காகக் காத்துக் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. ஆட்டுக் கொட்டிலையும் தேநீர் டப்பாக்களையும் புதன்கிழமை வகுப்பையும் கவனித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாமவர் வந்து சேர்ந்தது அந்த நாள்களில் ஒன்றில்தான்.

மெய்ன் பக்கம் போகும் வாய்ப்பு உங்களுக்கு அமைந்தால், ஞாயிறு காலை பத்து மணிக்குப் போய்ச் சேருங்கள். ஆராதனை எல்லாருக்கும் திறந்தது, மதம் கேட்கமாட்டார்கள். ஆண்களுக்கு ஒரு வாசல், பெண்களுக்கு ஒரு வாசல். குடும்பமாகப் போனாலும் உள்ளே பிரிந்து எதிரெதிரே உட்கார வேண்டும். சாட்சி நேரத்தில் ஏதாவது சொல்லத் தோன்றினால் நீங்களும் எழுந்து சொல்லலாம். நீங்கள் சொல்லி முடித்து உட்கார்ந்த பிறகு ஒரு சிறு மௌனம் இருக்கும். பிறகு எதிர்ப் பெஞ்சிலிருந்து யாரோ ஒருவர், நீங்கள் சொன்னதற்கு ஏற்ற பாட்டை மெதுவாகத் தொடங்குவார்.